வட்டித் தொழிலை விட்டவனைக் கேலி செய்யும் என் பிள்ளைகளுக்கு

 

நீளமாகத்தான் எழுதப் போகிறேன். மணி அடித்த பிறகும் டீச்சர் பாடத்தை நிறுத்த மாட்டார் என்று அந்தக் காலத்திலேயே நீங்கள் முணுமுணுத்தது எனக்குத் தெரியும். நேரமில்லாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். பேட்ச் குரூப்பில் "மாவு ஃபைனான்ஸ்" என்று எழுதிச் சிரித்தவர்கள் மட்டும் கடைசி வரை உட்கார வேண்டும்.

யாரைப் பற்றி என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெயர் எழுத மாட்டேன். அவனிடம் கேட்டு, அவன் "எழுதுங்க டீச்சர், பெயர் மட்டும் வேணாம்" என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை என்னிடம் படித்தவன். ஐம்பதை நெருங்கினாலும் எனக்கு அவன் 'அவன்'தான். பதினேழு வருடம் தண்டலும் மாத வட்டியும் விட்டான். போன வருடம் ரமலானுக்கு முன்னால் மூடிவிட்டான். இப்போது அவனும் அவன் மனைவியும் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறார்கள். முன்பு மாதம் தொண்ணூறாயிரம் பார்த்த கை, இப்போது பதினைந்தாயிரம் பார்த்தால் அது நல்ல மாதம்.

இதற்கு நம் குரூப்பில் வந்த பதில்களைப் படித்தேன். "வட்டிக்கு மாவு குடுப்பானா?" என்று ஒருவர். "காக்காவுக்கு மூளை கலங்கிருச்சு" என்று என் சொந்தத்திலேயே ஒருவர். "பொண்ணைக் கட்டிக் குடுத்துட்டு மூடியிருக்கலாம்ல" என்று ஒரு புத்திசாலி. இத்தனைக்கும் இந்த மூன்று பேரும் வெள்ளிக்கிழமை தவறாமல் "ஜும்ஆ முபாரக்" படம் அனுப்புகிறவர்கள்.

முதலில், அவன் விட்டது என்ன தொழில் என்று தெரிந்துகொள்ளுங்கள். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகளுக்குத் தண்டல் என்றால் என்னவென்று மறந்திருக்கும். நோட்டில் 10,000 என்று எழுதுவார்கள். கையில் கொடுப்பது 8,500. மீதி 1,500 அப்போதே பிடித்தம். மறுநாளிலிருந்து தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் நூற்றுக்குப் பதினைந்து போலத் தெரியும். என்னிடம் தனிவட்டிக் கணக்குப் போட்டவர்கள்தானே நீங்கள், போட்டுப் பாருங்கள். வாங்கிய மறுநாளே பணம் திரும்பிப் போக ஆரம்பிக்கிறது. ஆகவே அந்த நூறு நாளில் வாங்கியவள் கையில் சராசரியாக இருப்பது 8,500 இல்லை, அதில் பாதி, 4,250. அதற்கு 100 நாளுக்கு 1,500 ரூபாய் வட்டி. வருடத்துக்குக் கணக்கிட்டால் நூற்றுக்கு 128 ரூபாய்க்கு மேல் வருகிறது. நாள் தவறினால் அபராதம் தனி. வாங்குகிறவர்கள் யார்? மீன் கூடை சுமக்கிற பெண்கள், பூக்கட்டுகிறவர்கள், தெருமுனையில் பணியாரம் சுடுகிறவர்கள். கோடீஸ்வரன் எவனும் தண்டலுக்கு வாங்குவதில்லை.

மார்க்கத்தில் மட்டுமல்ல, நாட்டுச் சட்டத்திலும் இது குற்றம். 2003-இல் தமிழ்நாட்டில் வந்த சட்டம் தின வட்டி, மணிநேர வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லியே தடுக்கிறது. சட்டம் வந்து பதினான்கு வருடம் கழித்து, 2017 அக்டோபரில், நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம், இரண்டு சின்னப் பெண் குழந்தைகளோடு தீயில் எரிந்ததைத் தொலைக்காட்சியில் நாம் எல்லோரும் பார்த்தோம். கந்துவட்டிக் கொடுமை. அன்றைக்கு குரூப்பில் அழுகிற பொம்மைகளாகப் போட்டீர்கள். அதே தொழிலை ஒருவன் விட்டதும் சிரிக்கிற பொம்மை.

இப்போது அவன் விட்ட விதத்துக்கு வருகிறேன். இதுதான் உங்களுக்குத் தெரியாதது. கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, ஹஜ்ஜுக்குப் போய் மொட்டையடித்து வந்தால் தீர்ந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அவன் அப்படிச் செய்யவில்லை. நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று வாரம் உட்கார்ந்தான். அசலுக்கு மேல் கட்டி முடித்தவர்களின் கணக்கையெல்லாம் அடித்தான். வாங்கி வைத்திருந்த புரோநோட்டு, வெற்றுத்தாளில் போட்ட கையெழுத்து, ஏடிஎம் கார்டு, குடும்ப அட்டை எல்லாவற்றையும் வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தான். பிறகு காரையும் ஊருக்குக் கிழக்கே இருந்த மனையையும் விற்றான்.

அதில் ஒரு அம்மாவின் கணக்கை மட்டும் சொல்கிறேன். கணவர் மவுத்தான நேரத்தில் மாதம் பத்து வட்டிக்கு 20,000 வாங்கியவர். மாதம் 2,000 வீதம் ஐந்து வருடம் கட்டியிருக்கிறார். 1,20,000. அசல் அப்படியே நின்றது. அசலைக் கழித்தால் அவருக்கு ஒரு லட்சம் திரும்பிப் போக வேண்டும். இவன் போய்க் கதவைத் தட்டியதும், அந்த அம்மா உள்ளேயிருந்தே "இந்த மாசம் பொறுத்துக்க வாப்பா" என்று அழுதிருக்கிறார். பணத்தைக் கையில் வைத்த பிறகும் நம்பவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னாராம். 40,000 கொடுத்துவிட்டு, மீதி 60,000-க்குத் தன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறான். மாதம் 1,500 மாவுக் காசிலிருந்து போகிறது. இன்றைக்கு அவன் அந்த அம்மாவுக்குக் கடன்காரன். இப்படி இன்னும் பலருக்குக் கடன்காரன். இதைத்தான் நீங்கள் பைத்தியம் என்கிறீர்கள்.

நான் இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி படித்தவள். ஆலிமா இல்லை, ஃபத்வா கொடுக்க வரவில்லை. ஆனால் ஓதத் தெரியும், தமிழில் தர்ஜமா படிக்கத் தெரியும். அல்பகரா ஸூராவில் 278, 279 ஆகிய இரண்டு வசனங்களையும் எடுத்துப் பாருங்கள். ஈமான் கொண்டவர்களாக இருந்தால் வரவேண்டிய வட்டியை விட்டுவிடச் சொல்கிறது. விடாவிட்டால் அல்லாஹ்விடமிருந்தும் அவன் தூதரிடமிருந்தும் போர் என்கிறது. திருந்தினால் அசல் உங்களுடையது, நீங்களும் அநியாயம் செய்யக் கூடாது, உங்களுக்கும் அநியாயம் செய்யப்படாது என்று முடிகிறது. அடுத்த வசனம், கடன்பட்டவன் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும் வரை தவணை கொடு, விட்டுக்கொடுத்தால் இன்னும் நல்லது என்கிறது. மூன்று வசனத்திலும் வட்டிக்காரனின் தவ்பா கடன்பட்டவனின் வாசலுக்குத்தான் போகிறது. பள்ளிவாசல் உண்டியலுக்குப் போகவில்லை.

நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரி 10-இல் அரஃபாவில் செய்த பிரசங்கத்தில் வட்டியை ரத்து செய்தபோது, முதலில் யாருடைய வட்டியைத் தள்ளுபடி செய்தார்கள்? தம் சொந்தச் சாச்சா அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வரவேண்டியதை. ஊரானை விட்டுவிட்டுத் தன் வீட்டிலிருந்து தொடங்கினார்கள். நம் ஊரில் வட்டியைக் கண்டித்து நோட்டீஸ் அடித்தால் அதற்குக் காசு கொடுப்பது யார் என்று கேட்டுப் பாருங்கள், நான் சொல்ல மாட்டேன்.

சரி, உங்கள் வாதங்களுக்கு வருகிறேன்.

"அவன்தான் வருஷா வருஷம் ஜகாத் கொடுத்தானே, கந்தூரிக்கும் பள்ளிக்கும் அள்ளிக் கொடுத்தானே, அதிலேயே சுத்தமாகியிருக்குமே" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தம்பி, ஜகாத் உன் பணத்தைச் சுத்தம் செய்யும். அடுத்தவன் பணத்தை உன் பணமாக்காது. திருடிய ஆட்டில் இரண்டரை சதவீதம் கறியை ஏழைக்குக் கொடுத்தால் மீதி ஆடு ஹலாலாகிவிடுமா? இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யா உலூமித்தீன் நூலில் ஹலால் ஹராம் பற்றி ஒரு பெரிய பாகமே எழுதியிருக்கிறார். அதில் தவ்பா செய்பவன் பண விஷயத்தில் எப்படி வெளியே வருவது என்பதற்குத் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார். முதலில் ஹராமைப் பிரித்தெடு. எவ்வளவு என்று துல்லியமாகத் தெரியாவிட்டால் நன்றாக யோசித்து மதிப்பிடு. உரியவர் தெரிந்தால் அவரிடம் கொடு, அவர் இல்லாவிட்டால் வாரிசிடம் கொடு. தேடிக் கிடைக்காவிட்டால்தான் ஏழைகளுக்கு. அப்படி ஆள் தெரியாத பணம் கையில் நிற்கும்போது தவ்பா செய்தவனே ஏழையாகிவிட்டால், அதிலிருந்து தன் தேவைக்கு எடுத்துக்கொள்ளவும் அவர் வழி சொல்கிறார். தொள்ளாயிரம் வருடத்துக்கு முன்னால், இத்தனை நிதானமாக. நம் கடற்கரை ஊர்களில் பாதிப்பேர் ஷாஃபிஈ மத்ஹப்காரர்கள், கஸ்ஸாலியின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள். அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் புரட்டுவதில்லை.

"நடந்தது நடந்ததாகட்டும் என்று குர்ஆனிலேயே இருக்கிறதே, ஏன் திருப்பிக் கொடுக்க வேண்டும்?" 275-ஆம் வசனத்தை மனத்தில் வைத்துக் கேட்கிறீர்கள். உபதேசம் வந்ததும் விலகியவனுக்கு முன்பு நடந்தது அவனுக்கே என்று இருப்பது உண்மைதான். அது தடை வருவதற்கு முன் வாங்கியவர்களைப் பற்றியது என்பது எனக்குப் பாடம் சொன்ன உஸ்தாதின் விளக்கம். அறியாமல் செய்தவனுக்குச் சில ஆலிம்கள் சலுகை சொல்வதும் உண்டு. ஆனால் நம் பையன்களுக்கு ஏழு வயதில் மதரஸாவிலேயே வட்டி ஹராம் என்று தெரியும். எனக்கு உபதேசம் நேற்றுத்தான் வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? அவன் அந்தச் சலுகையைத் தேடிப் போகவில்லை. அவனைப் பாராட்டத் தோன்றாவிட்டால் பரவாயில்லை, அவன் எடுத்த கடினமான வழிக்கு நீங்கள் எளிதான வசனத்தைக் காட்டாதீர்கள்.

"டீச்சர் பென்ஷன் மட்டும் பேங்க்லதானே வருது?" இதையும் ஒருவர் கேட்டார், சந்தோஷம். என்னைக் கேட்க ஆள் இருக்கிறது. பென்ஷன் நான் உழைத்த சம்பளம். சேமிப்புக் கணக்கில் விழும் வட்டியை வருடம் ஒருமுறை பாஸ்புக் பார்த்துத் தனியாக எழுதி, நன்மையை எதிர்பார்க்காமல் வெளியேற்றுகிறேன். வைப்பு நிதி விஷயத்தில் ஆலிம்களிடையே பேச்சு வேறுபடுகிறது, நான் நம்பும் ஒருவரிடம் கேட்டு நடக்கிறேன். அதே மாதிரி, பேங்கில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு வேறு வேலைக்கு உண்மையாகவே அலைந்துகொண்டிருக்கும் பிள்ளைகளும் இதைப் படிக்கிறீர்கள். வேறு வழி கிடைக்கும் வரை என்று உங்களுக்கு அவகாசம் சொல்லும் ஆலிம்கள் இருக்கிறார்கள், பதறாதீர்கள், தேடுவதை நிறுத்தாதீர்கள். ஆனால் அந்த அவகாசம் சம்பளத்துக்கு இருப்பவனுக்கு. முதல் போட்டு, ஆள் வைத்து, வசூல் பண்ணும் முதலாளி அந்தப் போர்வைக்குள் வந்து படுத்துக்கொள்ள முடியாது.

"வாங்கினவளும் குற்றவாளிதானே?" ஆமாம், வட்டி வாங்குபவன், கொடுப்பவன், எழுதுபவன், சாட்சி நின்ற இருவர் எல்லோரையும் நபி (ஸல்) சபித்தார்கள், எல்லோரும் சமம் என்றார்கள் என்று முஸ்லிமில் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் இருக்கிறது. எழுதுபவனும் சாட்சியும் அதில் இருக்கிறார்கள் என்பதைக் கவனித்தீர்களா? நம் குடும்பத்திலேயே எத்தனை பேர் அவனுடைய புரோநோட்டுகளில் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, டீக்கு ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு வந்தீர்கள்? இன்னொன்று. அந்தப் பெண் முதலில் யாரிடம் போனாள் என்று விசாரித்தீர்களா? மருத்துவமனையில் பணம் கட்ட வேண்டிய அன்று அவள் முதலில் காக்கா வீட்டுக்குப் போனாள், பிறகு மாமி வீட்டுக்குப் போனாள். எல்லோரும் "கையில இல்லையே" என்றார்கள். அதற்குப் பிறகுதான் இவனிடம் வந்தாள்.

இப்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம்.

ஹராமை விட்டவனைப் பற்றி நம் பயான்களில் சொல்லும் கதைகளை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். ஒருவன் சாராயக்கடையை மூடினான், ஆறே மாதத்தில் அல்லாஹ் அவனுக்கு ஜவுளிக்கடை கொடுத்தான். ஒருவன் வட்டியை விட்டான், இன்று அவனுக்கு மூன்று லாரி. கதை எப்போதும் லாரியில்தான் முடிகிறது. தக்வா உள்ளவனுக்கு அவன் நினைத்துப் பார்க்காத இடத்திலிருந்து அல்லாஹ் ரிஸ்க் கொடுப்பான் என்று அத்தலாக் ஸூராவில் இருக்கிறது, அதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. அல்லாஹ்வுக்காக ஒன்றை விட்டால் அதைவிடச் சிறந்ததைத் தருவான் என்பதையும் நம்புகிறேன். ஆனால் 'சிறந்தது' என்பதை 'அதிகம்' என்று மாற்றிப் படித்தது யார்? லாரி வராதவனை என்ன செய்வீர்கள்? அவன் தவ்பாவில் ஏதோ குறை இருக்கிறது என்பீர்கள். ஏற்கெனவே ஒருவர் சொல்லியும்விட்டார், "அல்லாஹ் அவனுக்கு பரக்கத் கொடுக்கலியே, என்னமோ இருக்கு" என்று. ஹராம் பணத்தில் கார் வாங்கியபோது "மாஷா அல்லாஹ், பரக்கத்" என்று சொன்ன அதே வாய்.

மதுவைத் தடுத்த காலத்தில் ஒருவர் ஒரு தோல்பை மதுவை நபி (ஸல்) அவர்களுக்கு அன்பளிப்பாகக் கொண்டுவந்தார். தடை வந்தது அவருக்குத் தெரியாது. தெரிவித்ததும், பக்கத்திலிருந்தவர் காதில் விற்றுவிடலாம் என்று கிசுகிசுத்தார். குடிப்பதைத் தடுத்தவன் விற்பதையும் தடுத்துவிட்டான் என்று நபி (ஸல்) சொன்னதும், பையைத் திறந்து அத்தனையும் கொட்டினார். அதோடு அறிவிப்பு முடிகிறது. அவருக்குப் பிறகு என்ன கிடைத்தது என்று அதில் இல்லை. ஸஹீஹான ஹதீஸில் இல்லாத லாரியை நாம் ஏன் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்?

இன்னொரு வரலாறு எல்லோருக்கும் பிடிக்கும். மக்காவில் சொத்தை விட்டுவிட்டு வெறுங்கையோடு மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), "கடைவீதி எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்று கேட்டு, நெய்யும் பாலாடைக்கட்டியும் விற்று முன்னுக்கு வந்தார். தன்மானம், உழைப்பு என்று மேடையில் முழங்குவோம். நானே பள்ளியில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர் அப்படிக் கேட்டது எந்தப் பேச்சுக்குப் பதிலாக? அதற்கு முந்தைய வரியில் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) என்ற மதீனத்து அன்சாரி, என் சொத்தில் பாதி உனக்கு என்று முன்னால் வைத்திருந்தார். பாதி! அதை வேண்டாம் என்று சொல்லும் கௌரவம் அப்துர் ரஹ்மானுக்குக் கிடைத்ததே ஸஅத் கொடுத்ததால்தான். மதீனாவில் இருவரும் இருந்தார்கள். நம் ஊரில் ஹராமை விட்டு வருகிறவனை அப்துர் ரஹ்மானாக இருக்கச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறோம். ஸஅதாக இருக்க ஒரு வீடு இல்லை.

மன்னிக்கவும், ஒரு வீடு இருந்தது. அவனுக்குப் பத்து லிட்டர் கிரைண்டரை வாங்கி வந்து வீட்டில் இறக்கி, "காசு வரும்போது குடு, வட்டியெல்லாம் கேக்க மாட்டேன்டா" என்று சொல்லிவிட்டுப் போனது அதே பேட்ச்சில் படித்து, இப்போது பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒரு இந்துப் பிள்ளை. ஸஅத் யார் என்று அவனுக்குத் தெரியாது. குரூப்பில் அவன் ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

ஜமாஅத்துக்கும் சொல்ல வேண்டும். பள்ளிவாசல் ஹவுளுக்குப் போட்ட டைல்ஸ் அவன் பணம், சுவரில் பளிங்குக் கல்வெட்டில் அவன் பெயர் இருக்கிறது. தொழிலை விட்ட பிறகு அவன் நிர்வாகிகளிடம் போய், "அந்தக் கல்லை எடுத்துடுங்க, அது என் காசு இல்லை, யார் யாரோ கட்டின வட்டி" என்றான். "அதெல்லாம் முடிஞ்சு போன விஷயம், கல்லைப் பேர்த்தால் சுவர் அசிங்கமாயிடும்" என்று பதில். சுவர் அசிங்கமாகக் கூடாது. பைத்துல்மாலில் இருந்து கடனாக 50,000 கேட்டான். விதிமுறை இல்லையாம். கொடுக்கிற கையாக இருந்தவரை முன்வரிசை நாற்காலிக்கு எந்த விதிமுறையும் தேவைப்படவில்லை. ஜகாத் பெறத் தகுந்த எட்டு வகையினரில் கடனில் சிக்கியவர்களும் ஒரு வகை என்று அத்தவ்பா ஸூராவின் 60-ஆம் வசனம் சொல்கிறது. இவன் அதில் வருவானா மாட்டானா என்று ஒரு ஆலிமை உட்கார வைத்துக் கேட்டாவது பார்த்திருக்கலாம். கேட்கவே இல்லை. ஜமாஅத் கூட்டத்தில் பெண்களுக்கு உட்கார இடமில்லை, அதனால்தான் இதை முகநூலில் எழுத வேண்டியிருக்கிறது.

அவன் மகள் விஷயம். பி.எஸ்ஸி. முடித்த பெண். இவன் ஃபைனான்ஸ்காரனாக இருந்தபோது பேசி வைத்த சம்பந்தம், மாவு அரைக்க ஆரம்பித்த மூன்றாம் மாதம் "ஜாதகம் பார்க்கிற வழக்கம் நமக்கில்லைன்னாலும் ஏதோ மனசுக்கு ஒத்து வரலை" என்று போய்விட்டது. மனசுக்கு ஒத்து வராதது என்னவென்று எனக்குத் தெரியும். ஐம்பது பவுனும் ஐந்து லட்சம் கைக்கூலியும் மாவு வாளியில் இல்லை. வாங்குவது ஹராம் என்று தெரிந்தே கைக்கூலி வாங்கும் வீடுகளுக்காகத்தான் பாதிப்பேர் வட்டிக்கே போகிறார்கள், அது உங்களுக்குத் தெரியாதா? "பொண்ணைக் கட்டிக் குடுத்துட்டு மூடியிருக்கலாம்ல" என்று கேட்டவரே, நீங்கள் கேட்டதன் அர்த்தம் இதுதான்: அந்த விதவையிடம் இன்னும் இரண்டு வருடம் வாங்கி, அந்தப் பணத்தில் நகை செய்து, அதைப் போட்டு ஒரு பெண்ணை நிக்காஹ் செய்து அனுப்பிவிட்டு, அப்புறம் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நடுவில் மவுத் வராது என்று அவனுக்கு நீங்கள் எழுதிக் கொடுப்பீர்களா?

அவன் மனைவியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மாமியார் வீட்டில் அவளுக்கு ஏச்சு, தாய்வீட்டில் அவளுக்கு ஏச்சு. கடன் அடைக்கத் தன் நகையைக் கழற்றிக் கொடுக்க வந்தாள். அவள் மஹரும் அவள் வாப்பா போட்டதும் அவளுடையது, தொட மாட்டேன் என்று அவன் மறுத்துவிட்டான். நான்கு மணிக்கு எழுந்து உளுந்து கழுவுவது அவள்தான். கை விரலெல்லாம் வெளுத்துப் போயிருக்கிறது. நான் போனபோது, "முன்னாடி வீட்ல யாராவது கதவைத் தட்டுனா அழுதுக்கிட்டு நிப்பாங்க டீச்சர். இப்ப மாவு வாங்க வர்றாங்க" என்றாள்.

அவன் தம்பி இன்னும் அதே தொழிலில் இருக்கிறான். அவனும் என் மாணவன்தான். அண்ணனுக்கு ஊர் என்ன செய்கிறது என்று அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். நீங்கள் போடும் ஒவ்வொரு சிரிப்புப் பொம்மையையும் அவன் எண்ணிக்கொண்டிருக்கிறான். அவன் விடுவதும் விடாததும் உங்கள் கையிலும் இருக்கிறது.

அதனால் நான் கேட்பது இதுதான். வட்டியில்லாத கடனுக்கு, கர்ளன் ஹஸனாவுக்கு, ஒரு சின்னப் பெட்டி தொடங்குகிறேன். என் பங்கு 25,000. சங்கம், பெயர்ப்பலகை, தலைவர், செயலாளர் எதுவும் கிடையாது. வரவு செலவை ஒரு நாற்பது பக்க நோட்டில் நான் எழுதுவேன், கொடுத்த யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். முதல் கடன் அவனுக்கு, பிறகு தண்டலில் இருந்து வெளியே வர நினைக்கும் பெண்களுக்கு, எந்தச் சமயமானாலும். வெளிநாட்டில் இருப்பவர்கள் 5,000 கொடுத்தால் போதும். திரும்பக் கிடைக்கும், கூட ஒரு ரூபாயும் கிடைக்காது.

பெண் பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகள், கைக்கூலி கேட்காத வீடுகளாக இருந்தால், எனக்கு நேராகப் போன் செய்யுங்கள். பெண்ணை எனக்கு மூன்றாம் வகுப்பிலிருந்து தெரியும். ஊரில் இருப்பவர்கள் மாவை அவனிடம் வாங்குங்கள். காலை ஆறிலிருந்து ஒன்பது வரை, மாலை ஐந்துக்கு மேல். கிலோ 40 ரூபாய். புளிக்காத மாவு வேண்டுமென்றால் முதல்நாளே சொல்லிவிட வேண்டும்.

கீழே "மாஷா அல்லாஹ் டீச்சர்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். என் நம்பர் உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. அஸருக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன்.

வஸ்ஸலாம்.
உங்கள் டீச்சர்